சாஸ்திரம், விஞ்ஞானம், ஸயன்ஸ்

(ஹைதராபாதில் நடந்த நம் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஸயன்ஸ் என்ற சொல்லைப் பற்றி ஏதாவது பேசுங்களேன்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஃபைல்களைத் தவிர வேறொன்றும் படிக்காதவன். ஆகையால் குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சென்ற வருஷம் மயிலாப்பூரிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். தெலுங்கு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ராக்கெட் கிளம்புவதைக் காட்டி, "சாஸ்திரவேத்தலு, சாஸ்திரவேத்தலு" என்று நாலைந்து தடவை சொன்னார்கள். "யார் ஓய் அந்த சாஸ்திரிகள்? பஞ்சகச்சத்தைக் காணோமே!" என்றார் மைத்துனர். இங்கே பல வருஷம் இருப்பவர்களுக்குத் தெரியும், தெலுங்கில் விஞ்ஞானிக்கு சாஸ்திரவேத்த என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்து ஸயன்ஸ் பாடம் சாமான்ய சாஸ்திரம். நாமோ அந்தச் சொல்லை வேறு காரியத்துக்கு வைத்திருக்கிறோம். சிரித்தோம், ஆனால் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஸயன்ஸ். லத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல், 'ஸ்கியென்ஷியா' என்றால் அறிவு. அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் எந்த அறிவையும், எந்தக் கல்வியையும் குறித்தது. நியூட்டன் தன்னை ஸயன்டிஸ்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. 1687-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பில் இருப்பது இயற்கைத் தத்துவம். 'ஸயன்டிஸ்ட்' என்ற சொல்லை உண்டாக்கியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ஹ்யூவெல். 1833-ல் ஒரு சபையில் சொன்னார், மறு வருஷம் அச்சில் வந்தது. ஆர்ட்டிஸ்ட் இருந்தால் ஸயன்டிஸ்ட் ஏன் இருக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆக, சோதனை செய்து, தப்பென்றால் திருத்திக்கொள்ளும் அறிவுக்கு மட்டுமே ஸயன்ஸ் என்று பெயர் நிலைத்தது சுமார் இருநூறு வருஷத்துக் கதைதான்.

நம் ஞானத்தில் உள்ள 'ஞா' என்ற தாதுவும் ஆங்கிலேயன் தெரிந்துகொள்வதற்குச் சொல்லும் 'நோ' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் ஸயன்ஸ் அந்தக் குடும்பம் இல்லை. அதன் வேருக்குப் பிளப்பது, பிரிப்பது என்று பொருள் என்கிறார்கள் மொழி நூலார். நம் விஞ்ஞானத்தில் உள்ள 'வி' என்ற உபசர்க்கத்துக்கும் பிரித்து, விசேஷமாக என்ற பொருள் உண்டு. தற்செயலோ என்னவோ, எனக்கு இது ரசமாக இருக்கிறது.

அமரகோசம் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மோக்ஷத்தைப் பற்றிய அறிவு ஞானம். சில்பத்திலும் சாஸ்திரத்திலும் உள்ள அறிவு விஞ்ஞானம் என்று அது பிரித்துச் சொல்கிறது. கீதையின் ஏழாம் அத்தியாயத்துக்கு ஞான விஞ்ஞான யோகம் என்றே பெயர். அங்கே விஞ்ஞானம் என்ற இடத்தில் ஆதிசங்கரர் ஸ்வானுபவம் என்று பாஷ்யம் செய்கிறார். ஒருவர் சொல்லிக் கேட்டது வேறு, தானே கண்டது வேறு. சாஸ்திரம் என்ற சொல்லோ 'சாஸ்' என்ற தாதுவிலிருந்து வந்தது. கட்டளையிடுவது, கற்பிப்பது என்று பொருள். கணிதமும் சாஸ்திரம், கிழக்கே பார்த்துச் சாப்பிடு என்பதும் சாஸ்திரம். ஒன்றைச் சரிபார்க்கலாம், மற்றதைக் கடைப்பிடிக்கலாம் அல்லது விடலாம். 'நம் சாஸ்திரமெல்லாம் ஸயன்ஸ்தான்' என்று கூட்டங்களில் பேசுகிறோமே, அதில் நான் உடன்படாதது இதனால்தான். அப்படிச் சொல்வது இரண்டுக்குமே மரியாதை இல்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் நம்மவர் ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்தவர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18-ல் பூர்ண சூரிய கிரஹணம் வந்தபோது, சென்னையிலிருந்து அவர் வந்து முகாமிட்ட இடம் அன்றைய நிஜாம் ராஜ்யத்து வனபர்த்தி. இங்கிருந்து கர்னூல் ரோடில் போனால் சுமார் 150 கிலோமீட்டர்தான். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை அங்கத்தினராக்கிற்று. வாக்கியக் கணக்கு ஆகாயத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால் ஆகாயத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 'த்ருக்' என்றால் பார்ப்பது. அந்தப் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. வாக்கியமா, திருக்கணிதமா என்று நம் வீடுகளில் நடக்கும் சண்டை தெரிந்ததுதானே; அதற்குள் நான் போகவில்லை.

இப்போது என் கதை. 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, மாசி அமாவாசை. பூர்ண சூரிய கிரஹணம். உஸ்மானியா சர்வகலாசாலையின் ரங்காபூர் வானாய்வு நிலையம், ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், சரியாக நிழல் பாதையில் இருந்தது. என் ஆபீஸ் சிநேகிதர்கள் அந்தப் பக்கம் போக வேன் பேசினார்கள். நானும் பங்குப் பணம் கொடுத்திருந்தேன்.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாசம். "ஆத்துல பிள்ளைத்தாச்சியை வச்சுண்டு கிரஹணம் பார்க்கக் கிளம்பறியே. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோன்னோ?" என்றாள். நான் பௌதிகம் படித்தவன். வாயைத் திறக்கவில்லை. வேன் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

மத்தியானம் தெருவில் ஒரு காக்காய் குருவி இல்லை. ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, அம்மா பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேற்கு ஜன்னல் கதவில் பழைய ஆணி ஓட்டை ஒன்று. அதன் வழியாக எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் வட்டமாக இல்லை, பிறையாக இருந்தது! நான்தான் முதலில் பார்த்தேன். "அம்மா, இங்கே பாரு, இதுதான் சூரியன். தலைகீழா விழறது" என்றேன். வெளியே போகாமல், வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காமல், மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறை நூலாக மெலிந்தது, அறை இருண்டது, பிறகு மெதுவாக வளர்ந்தது. அம்மா பஞ்சாங்கத்தில் மோக்ஷ காலத்தை விரலால் பிடித்துக்கொண்டு, "உன் கடியாரத்தில் மணி என்ன?" என்று இரண்டு தடவை கேட்டாள். சுவரில் வட்டம் முழுசானபோது இரண்டு மூன்று நிமிஷம்தான் வித்தியாசம். "கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் சிநேகிதர்கள் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். 1995, 1999, 2009 என்று வந்த பூர்ண கிரஹணங்களும் ஏதோ ஒரு காரணத்தால் தவறிப் போயின. அடுத்தது 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம். பேரன் அழைத்துப் போகிறேன் என்கிறான். அப்போது எனக்கு எண்பத்து நாலு.

அன்றைக்கு மோக்ஷம் ஆனதும் அம்மா, "போதும், ஸ்நானம் பண்ணிட்டு வா" என்றாள். மறுபேச்சில்லாமல் போய் ஸ்நானம் பண்ணினேன்.