கர்ப்பிணிக்குப் பரிசோதனை எதற்கு?



பயிருக்குப் பருவம் தவறாமல் களையெடுக்கும் வீட்டில்கூட, மருமகள் உண்டானால் "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். நாள் தள்ளியதும், மூன்று மாதத்திற்குள் குடும்ப மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிப் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் தொடக்கத்தில் தொல்லை தெரியாது, அளந்தால்தான் தெரியும். கவனியாமல் விட்டால் வலிப்பு கண்டு தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. நான்காம் மாதம் முதல் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக் கூடாது. மலம் கறுத்துப் போனால் அஞ்ச வேண்டாம். குளுக்கோஸ் நீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையும் பார்ப்பார்கள். ரணஜன்னி தடுப்பூசியும் உண்டு.

கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனை செல்லுங்கள்; வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

நடவை ஒரு நாள் தள்ளலாம், பரிசோதனையைத் தள்ளாதீர்கள். நீங்களே உடன் அழைத்துச் சென்று வாருங்கள்.