ஐம்பத்து நான்கில் நான் கற்ற பாடம்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியால் உயர்வோம்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அத்தலைப்பில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். ஆகவே இன்று, பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்து, தலைமையாசிரியர் நாற்காலியிலும் உட்கார்ந்த பிறகு, ஐம்பத்து நான்காம் அகவையில் நான் மாணவனாகிக் கற்ற ஒரு பாடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1984ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறி, மேனிலைக் கல்விக்கு விண்ணப்பித்தேன். அறிவியல் பிரிவு வேண்டுமென்று கேட்டேன். சேர்க்கை மேசையிலிருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, “உனக்கு வரலாறு போதும்” என்றார். மதிப்பெண்ணைப் பார்த்தாரா, சாதியைப் பார்த்தாரா, நானறியேன். வரலாறு படித்தேன், இளங்கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றேன். வரலாறு எனக்குச் சோறிட்டது. அதனைக் குறை கூறேன். ஆயினும் மூடப்பட்ட அந்தக் கதவு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ இணையத்தளம் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதில் எவரும் கட்டணமின்றிப் பாடம் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். இவ்வாறு இணையவழியில் மனித உடலியல் அறிமுகப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம். விரிவுரை ஆங்கிலத்தில். என் மகள் கைப்பேசியில் அதனைத் திறக்கக் கற்றுத் தந்தாள். ஒருபுறம் விரிவுரை; மறுபுறம் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி உயிரியல் நூல். அங்கே ‘ஆர்ட்டரி’ என்றால் இங்கே தமனி. அங்கே ‘வெயின்’ என்றால் இங்கே சிரை. இப்படி நிறுத்தி நிறுத்திக் கற்றேன். முதல் வாரத் தேர்வில் பத்துக்கு நான்கு மதிப்பெண். குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகள்மீது நான் சினந்த நாள்களெல்லாம் அன்றிரவு நினைவுக்கு வந்தன.

ஐந்தாம் வாரப் பாடம் மூச்சு. நாம் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி. அது நுரையீரலின் காற்று நுண்ணறைகளைச் சேர்ந்து, குருதியில் கலந்து, உடலின் உயிரணுக்களை அடைகிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு உண்டு. அடுப்பு விறகை எரிப்பதுபோல் அது உணவை உயிர்வளியால் எரித்து ஆற்றல் தருகிறது. உயிர்வளி இருந்தும் இந்த அடுப்பை அணைத்துவிடும் நஞ்சுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு, சாக்கடையிலும் மலக்குழியிலும் பிறக்கும் வாயு என்றார் விரிவுரையாளர். கைப்பேசியை நிறுத்திவிட்டேன். அன்று மேலே படிக்க இயலவில்லை.

அன்பர்களே! என் ஒன்பதாம் அகவையில், 1977ஆம் ஆண்டில், என் சிற்றப்பா ஒரு பெரிய வீட்டின் மலக்குழியில் இறங்கினார். இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சுடர் அணையவில்லை, “இறங்கலாம்” என்றார்கள். இறங்கியவர் சரிந்தார். அவரைத் தூக்கப் பெரியப்பா இறங்கினார், அவரும் மீளவில்லை. “குடித்துவிட்டு இறங்கினார்கள்” என்றது வீட்டார் தரப்பு. “குழி காவு கேட்டது” என்றார் என் பாட்டி. நாற்பத்தைந்து ஆண்டுகள் இவ்விரண்டு விளக்கங்களுக்கு நடுவில்தான் நான் வாழ்ந்தேன்.

உண்மை என்ன? உயிர்வளி குறைந்தால்தான் விளக்கு அணையும். உயிர்வளி போதிய அளவு இருக்கும்போதே இந்த நச்சுவாயு ஆளைக் கொல்லும், சுடர் அணையாது. எரியும் வாயுக்கள் நிறைந்த குழியில் சுடரை இறக்குவதே தீவிபத்துக்கு வழி. அழுகிய முட்டை நாற்றத்தைக் கொண்டு அறியலாம் என்பதும் ஏமாற்றமே. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே மூக்கு இவ்வாயுவை அறிந்துவிடும். நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்வான். காற்றைவிட இது கனமானது, பள்ளத்தில் தங்கும். முகத்தில் கட்டிய துணி இதனைத் தடுக்காது.

என் சிற்றப்பா குடிவெறியால் சாகவில்லை. பெரியப்பா அறியாமல் செய்த பிழை, தம்பிமீது கொண்ட அன்பு ஒன்றே. ஒரு பாடம் அவ்விருவர் பெயரிலும் படிந்த பழியைத் துடைத்தது. இதற்கு மேல் ஒரு சான்றிதழ் எனக்கெதற்கு?

தொடர்ந்து தேடிப் படித்தபோது மற்றொன்றும் அறிந்தேன். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்தவரிடம் பேசி, அத்தொழிலால் கண்ணுக்கு வரும் கேட்டினைத் தம் நூலில் எழுதினார். ஆண்டு 1700. அப்படியாயின், குழிக்காற்று மனிதனைக் கெடுக்கும் என்ற செய்தி, என் சிற்றப்பா இறங்குவதற்கு 277 ஆண்டுகளுக்கு முன்பே நூலேறிவிட்டது. நூலில் இருந்த அறிவு எங்கள் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவரும் இடத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை. அறிவியல் பிரிவின் கதவை அடைப்பதன் விலை என்னவென்று அன்று எனக்கு விளங்கிற்று.

உடலறிவு நமக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். தெருவில் பேறு பார்த்த கைகள் நம் பாட்டிமாரின் கைகள். இடையில் நழுவியதை மீண்டும் கைக்கொள்ளவே கேட்கிறேன்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மலக்குழியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தோர் குடும்பத்துக்கு முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு வேண்டுமென உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. ஆயினும் சாவுச் செய்திகள் நின்றபாடில்லை. ஆகவே இக்கழகத்தின் மாலைநேரப் பாடசாலைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, பத்தாம் வகுப்பு தேறும் நம் பிள்ளைகளுள், குறிப்பாகப் பெண்மக்களுள், அறிவியல் விரும்புவோருடன் பெரியவர் ஒருவர் சேர்க்கை மேசைவரை செல்லட்டும். இரண்டு, திங்களுக்கொரு மாலை, உயிரியல் படிக்கும் பிள்ளைகள் தம் தெருவாருக்குத் தமிழில் உடற்பாடம் சொல்லட்டும். மூன்று, அப்பாடத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: விளக்கு எரிந்தாலும் இறங்காதே, விழுந்தவனைத் தூக்கவும் இறங்காதே, தீயணைப்புப் படையை அழை.

இறுதித் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று பெற்றேன். அந்தச் சான்றிதழை, என் வீட்டுச் சுவரில் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டவில்லை. சிற்றப்பா, பெரியப்பா படத்தின் கீழே மாட்டியிருக்கிறேன்.