சாப்பா இன்னும் ஒழியவில்லை

(வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் செவிலியர்களின் நிலை குறித்து, போர்ட் கொச்சியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இந்த இடத்திற்கு அருகில்தான் மட்டாஞ்சேரி உள்ளது. ஒரு காலத்தில், வேலை கேட்டுக் கூடிய துறைமுகத் தொழிலாளர்களை நோக்கி ஒப்பந்தக்காரரின் கங்காணி உலோக வில்லைகளை வீசியெறிவான். அந்த வில்லைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். முண்டியடித்து அதைப் பொறுக்கியவருக்கு அன்று வேலை. மற்றவர் வீட்டில் பட்டினி. இம்முறையை எதிர்த்து 1953இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. செய்து, செய்தலவி, ஆண்டனி ஆகிய மூவர் அப்போராட்டத்தில் உயிரீந்தனர்.

துறைமுகத்தில் சாப்பா ஒழிந்தது. ஆனால், வேலைக்கும் உழைப்பவருக்கும் நடுவில் நின்று விலை பேசும் இடைத்தரகன் ஒழிந்தானா?

குவைத் சுகாதார அமைச்சகத்திற்குச் செவிலியர்களைத் தேர்வு செய்த கொச்சித் தனியார் நிறுவனம் ஒன்றின்மீது 2015இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. ஒருவரிடம் 19,500 ரூபாய் மட்டுமே பெற வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் ரூபாய் வசூலித்தது என்பதே குற்றச்சாட்டு. குடிபெயர்வோரைப் பாதுகாக்க வேண்டிய அரசு அதிகாரியும் அவ்வழக்கில் குற்றம்சாட்டப்பட்டார்.

இத்தகைய தொகை எங்கிருந்து வருகிறது? வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தும், தாயின் நகையை விற்றும், கந்துவட்டிக்கு வாங்கியும் வருகிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது அயல்நாட்டு மருத்துவமனையில் உரிமை கேட்கும் துணிவு எப்படி வரும்? 2014இல் இராக்கின் திக்ரித் நகரைப் பயங்கரவாதிகள் கைப்பற்றியபோது 46 இந்தியச் செவிலியர்கள் மருத்துவமனைக்குள் சிக்கினர். கேரளத்தவரே பெரும்பாலோர், தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நிலையிலும், சம்பள பாக்கியையும் ஊரில் உள்ள கடனையும் எண்ணித் திரும்பத் தயங்கியோர் உண்டு. ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கினர். உயிர் தப்பியது, கடன் தப்பவில்லை.

அவர்களைக் கடல் கடக்கச் செய்வது பேராசை அன்று. உள்ளூர்த் தனியார் மருத்துவமனைகளின் சுரண்டலே. 2016இல் உச்சநீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தானாக நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 2017இல் கேரளச் செவிலியர்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகே, 2018இல் அம்மாநில இடது ஜனநாயக முன்னணி அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவற்றுக்கு அப்பொறுப்பு அளிக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் சேர்க்கப்பட்டது. இது சரியான திசையே. ஆனால், இப்படியொரு அரசு நிறுவனம் இருப்பதே தெரியாமல் தரகனின் வாசலில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! அத்தகவலை நர்சிங் கல்லூரி வாயில்வரை கொண்டு செல்வதும் இயக்கப் பணியே.

தொழிலாளியிடம் வேலைக்கான கட்டணம் வசூலிக்கலாகாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை. அது 1997இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. மாறாக, இந்தியச் சட்டம் தொழிலாளியிடமே கட்டணம் பெற முகவரை அனுமதிக்கிறது. உச்சவரம்பு என்ற பெயரில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் வழியே லட்சங்கள் நுழைவதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் வேலை தருபவரே ஏற்க வேண்டும். 181ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். அரசு முகமைகளை வலுப்படுத்த வேண்டும். உள்நாட்டில் கௌரவமான ஊதியம் கிடைக்க வேண்டும். அப்போதுதான் வெளிநாடு செல்வது கட்டாயமாக இன்றித் தேர்வாக இருக்கும்.

மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் சாப்பாவைப் பொறுக்க மறுத்து நிமிர்ந்தபோதுதான் கங்காணியின் கை தாழ்ந்தது. செவிலியர்களும் சங்கமாக நிமிரட்டும்!