26 விநாடி

பணிப்பாளர் அவர்களே, ஆசிரியர்களே, பட்டம் பெறும் பிள்ளைகளே, பின்வரிசையில் வியர்க்க வியர்க்க இருக்கும் பெற்றோரே,

உயிர்த்த ஞாயிறு என்றதும் உங்கள் மனம் 2019 குண்டுவெடிப்புக்கும் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்கும் போகும். என் பாட்டிக்கு அது 1942. அந்த ஏப்ரல் 5 காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. பாட்டி தையல் மெசினைத் தலையில் வைத்துக்கொண்டு இதே மருதானை ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறா. மாவும் பருப்பும் விட்டுவிட்டு மெசினையா தூக்கினீர்கள் என்று கேட்டால் கோபம் வரும்.

எதிரிக் கப்பல்களை முதல்நாளே கண்டு செய்தி அனுப்பியவர் கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்தில் பறந்த கனடியர் லெனார்ட் பேர்ச்சல். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நான் பேச வந்தது அவரைப் பற்றியல்ல.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9. திருகோணமலை தாக்கப்பட்ட காலை. கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாகப் போட்ட ஓடுபாதையிலிருந்து, பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் அணியைச் சேர்ந்த 11 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் கிழக்குக் கடலை நோக்கிக் கிளம்பின. இரண்டு திரும்பிவிட்டன. மீதி ஒன்பது. ஒவ்வொன்றிலும் மூவர்: விமானி, வழிகாட்டி, வானொலியோடு துப்பாக்கியையும் பார்க்கும் ஒருவர். பலருக்கு உங்கள் வயதுதான்.

குண்டைக் குறிபார்ப்பது வழிகாட்டியின் வேலை. மூக்குப் பகுதிக் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு 11,000 அடிக்குக் கீழே 'அகாகி' என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கிறார். கணக்கு உங்களுக்கே வரும். அந்த உயரத்திலிருந்து குண்டு விழ 26 விநாடிக்கு மேல் எடுக்கும். முழுவேகத்தில் ஓடினால் அதற்குள் கப்பல் 400 மீற்றர் நகர்ந்துவிடும். கப்பலின் நீளமோ 260 மீற்றர். அதாவது, கப்பல் இல்லாத இடத்தைக் குறிவைக்க வேண்டும். தலைவன் சுக்கானைத் திருப்பினால் அதுவும் வீண்.

குண்டுகள் அகாகியைச் சுற்றிக் கடலில் விழுந்து நீரை எழுப்பின. அதற்குப் பிறகுதான் கப்பலில் இருந்தவர்களுக்கு வானத்தில் ஆள் இருப்பதே தெரிந்தது. ஒன்றும் படவில்லை. ஜப்பானியரின் சீரோ போர் விமானங்கள் துரத்தின. ஐந்து பிளெனிம்கள் திரும்பி வரவில்லை.

பட்டமளிப்பில் குறிதவறிய கதையா என்று பணிப்பாளர் யோசிக்கலாம். என் எண்ணம் இதுதான்: அந்தப் பையன்களிடம் குறையில்லை. ஓடும் கப்பலை அவ்வளவு உயரத்திலிருந்து அடிக்கச் சொன்ன முறையில்தான் குறை. இரண்டு மாதத்தில், மிட்வே கடற்போரில், அமெரிக்கர் செங்குத்தாய்ப் பாய்ந்து தாழ வந்து போட்டார்கள். அதே அகாகிக்கு நேராக விழுந்த ஒரு குண்டு போதுமாயிற்று. அன்றும் ஜப்பானியர் மேலே பார்க்கப் பிந்திவிட்டார்கள்.

கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கிளம்பியவர்களைத் தேட அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

சரி, நேரமாகிறது. அங்கியோடு படமெடுக்க உங்களில் பாதிப்பேர் ரேஸ்கோர்ஸுக்குத்தான் போவீர்கள், தெரியும். கடைகளுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே புல்வெளி தெரியும். விமானங்கள் ஏறியது அங்கிருந்துதான்.