பொங்கல் விளையாட்டில் உழைப்பாளிக்கு இடம் எங்கே?

(பொங்கல் விளையாட்டு விழாவை முன்னிட்டு நடந்த ஊர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் கமிட்டி வாலிபர்கள் என்னை அழைத்தபோது, "வாழ்த்துரை வேண்டாம், தோழரே, யோசனை சொல்லுங்கள்" என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே வாழ்த்தை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வட்டாரத்தில் ஒட்டும் பொங்கல் விழா நோட்டீஸ்களைப் பாருங்கள். மேல் பாதி முழுவதும் நன்கொடையாளர்களின் படம். கீழ்ப் பாதியில் பரிசுகளின் படம். இரண்டுக்கும் நடுவே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால், விளையாட்டின் பெயர் அகப்படும். மூன்று நாள் விழாவில் பத்து இருபது பேர் விளையாடுகிறார்கள். ஆயிரம் பேர் வெயிலில் நின்று பார்க்கிறார்கள். நிற்பது யார்? வருஷம் பூராவும் வயலிலும், மில்லில் ரிங் பிரேம் முன்னாலும் நின்றே வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு விழாவிலும் நிற்கிற உத்தியோகம்தானா?

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தவை? மாட்டைப் பழக்கி ஏரில் பூட்டியவன்தான் மாட்டோடு விளையாடினான். வண்டி ஓட்டியவன்தான் ரேக்ளா ஓட்டினான். நெற்கட்டைத் தலையில் ஏற்றிக் களத்துக்கு ஓடியவனுக்குத்தான் கல் தூக்கும் தெம்பு இருந்தது. நாற்று நட்ட பெண்களின் குரல்தான் குலவையும் கும்மியும். பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்து 1964-ல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைப் புரட்டினால், வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள இந்த உறவு தெரியும். ஏற்றம் போய் பம்புசெட் வந்ததும் ஏற்றப்பாட்டும் போய்விட்டது. அதற்காக ஏற்றம் திரும்பி வரவேண்டும் என்று நான் அழமாட்டேன். ஏற்றத்தில் மிதித்தவனைக் கேட்டால் அந்தச் சுகம் தெரியும்! ஆனால் இப்போது அறுவடை இயந்திரமும் வந்துவிட்டது. பல நாள் பலர் சேர்ந்து அறுத்த வயலை அது சில மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. அறுவடைத் திருநாள் இருக்கிறது. அறுத்தவனுக்குக் கூலி நாள் குறைந்துவிட்டது. அவனை விழாவிலிருந்தும் ஓரமாகத் தள்ளிவிட்டால் பிறகு அது யாருடைய திருநாள்?

ஜல்லிக்கட்டு பற்றிக் கேட்கிறீர்கள். "நம் ஊரிலும் வாடிவாசல் கட்ட வேண்டும்" என்று சில வாலிபர்கள் சொல்வது என் காதுக்கு வந்திருக்கிறது. 2014 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது, 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் வாலிபர்களும் மாணவர்களும் திரண்டது, அந்த வருஷமே சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதத்தில் அரசியல் சாசன பெஞ்சு அந்தச் சட்டம் செல்லும் என்றது எல்லாம் நீங்கள் அறிந்ததே. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் மூன்று நாள் நடப்பதை நானும் பார்க்கிறேன். திமிலை மட்டும் பிடித்துத் தாவும் அந்த வாலிபனைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சர்க்கார் அனுமதி வேண்டும். இரட்டைத் தடுப்பு வேலி கட்டவேண்டும். மாட்டு டாக்டர், மனித டாக்டர், ஆம்புலன்ஸ், மேடை எல்லாம் வேண்டும். கார், டிராக்டர் என்று பரிசு ஏறிவிட்ட காலத்தில் நாம் எவர்சில்வர் குடத்தை நீட்டினால் மாடு வருமா? நம்மைப் போன்ற சின்ன ஊரில் அவ்வளவு பணத்தை ஒருவர்தான் கொடுக்க முடியும். பணம் யாருடையதோ, விழாவும் அவருடையதாகிவிடும். முதல் மரியாதை அவருக்கு, மைக் அவருக்கு, எந்தத் தெருக்காரன் களத்துக்குள் வரலாம் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' படித்தவர்களுக்குத் தெரியும்: அங்கே மோதுவது மாடும் மனிதனும் மட்டுமல்ல, ஜமீன்தாரின் கௌரவமே மாட்டுக் கொம்பில் ஏறி நிற்கிறது. ஆகவே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பஸ் ஏறி அலங்காநல்லூர் போய் வரட்டும். நம் ஊருக்குக் காசு கேட்காத விளையாட்டு எத்தனையோ உண்டு.

இளவட்டக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையில் பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் கல் தூக்கும் போட்டி நடக்கிறது. 100 கிலோவுக்கு மேற்பட்ட கல்லும் உண்டு. அதற்குக் கீழே பல எடையிலும் உண்டு. வழவழப்பான உருண்டைக் கல், பிடிமானமே கிடையாது. குந்தி உட்கார்ந்து, கல்லைக் கட்டியணைத்து, முதலில் தொடைக்கு ஏற்றி, அப்புறம் நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் ஏற்றிப் பின்னால் போடவேண்டும். வெறும் முரட்டு பலம் மட்டும் போதாது, மூச்சும் நிதானமும் வேண்டும். அங்கே பெண்களும் போட்டியில் இறங்குகிறார்கள் என்பதை நம் ஊர் மீசைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சடுகுடுவுக்கு என்ன செலவு? ஒரு கோடு, ஒரு மூச்சு. பக்கத்துக்கு 7 பேர். கபடி என்ற பெயரில் 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியிலேயே அது ஏறிவிட்டது. பெண்கள் கபடி 2010-ல் குவாங்சோவில் சேர்ந்தது. அப்படியிருக்க, நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னும் கோலப் போட்டி ஒன்றுதான் என்றால் என்ன நியாயம்? கோலம் அழகானது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி ஒரு விளையாட்டு அவர்களுக்கு வேண்டாமா? ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிப்டும் ஓடி ஓடி நூல் முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கு ஓடத் தெரியாதா? கொங்கு நாட்டில் பூப்பறிக்கும் நோன்பு என்று பெண்கள் கூட்டமாய்க் காடு கரைக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, பாடி ஆடித் திரும்புகிறார்கள். அந்த ஒரு நாள் அவர்களுடையது.

வழுக்கு மரத்துக்கு வருகிறேன். மரத்தில் எண்ணெயும் களிமண்ணும் பூசி, உச்சியில் பண முடிப்பைக் கட்டுகிறோம். முதலில் ஏறுகிறவன் பாதி தூரம் போய் வழுக்கி விழுகிறான். இரண்டாவது, மூன்றாவது ஆளும் விழுகிறார்கள். ஊர் சிரிக்கிறது. ஆனால் விழுந்த ஒவ்வொருவனும் தன் நெஞ்சாலும் தொடையாலும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் இறங்குகிறான். பத்தாவது ஆள் ஏறி முடிப்பை அவிழ்த்தால் பரிசு அவன் ஒருவனுக்கா? இந்த வருஷம் குழுவாக ஏறட்டும். கீழே தோள் கொடுத்தவனுக்கும் பங்கு கொடுங்கள். கமிட்டியார் இதில் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விளையாட வேண்டுமானால் லீவு வேண்டும். மில் தொழிலாளிக்கு 1958-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு 5 பண்டிகை நாள். ஆக 9 நாள் சம்பளத்தோடு லீவு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு மாற்று லீவு. ஒப்பந்தக் கூலியாக வந்திருப்பவர்களும், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விவசாயக் கூலிக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. அவனுக்குப் பொங்கல் என்றால் மூன்று நாள் கூலி இல்லாத நாள். ஆகவே போட்டிக் கட்டணம் என்று அவனிடம் ஐம்பது, நூறு கேட்காதீர்கள்.

கடைசியாக, இரவுக் கலை நிகழ்ச்சி. கரகம், தப்பாட்டம், வில்லுப்பாட்டு என்று அழைக்கிறோம். விடிய விடிய ஆடவைத்துவிட்டு, பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து, "மீதி அப்புறம்" என்று அனுப்புவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இது கூலித் திருட்டு. வேறு பெயர் கிடையாது. நம் கூலியை முதலாளி பிடித்தால் கொதிக்கிற நாம் இதைச் செய்யலாமா? பறை அடிப்பவரைப் பந்தலுக்கு வெளியே தரையில் உட்காரவைத்த காலம் ஒன்று உண்டு. அடிமைச் சேவகமாக அடிக்கச் சொன்ன பறை வேறு. கலையாக மேடையேறும் பறை வேறு. அவருக்கு நாற்காலி, அவருக்கும் நம்மோடு ஒரே பந்தியில் சாப்பாடு, ஆட்டம் தொடங்குமுன் முழுத் தொகை. நோட்டீசில் நன்கொடையாளர் பெயருக்கு முன்னால் கலைஞர் பெயர்.

கமிட்டி வாலிபர்களுக்கு இன்னும் ஒன்று. காணும் பொங்கலன்று நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் தூங்கி எழுந்து வருவதற்குள் ஓட்டப் பந்தயம் முடிந்துவிடும் என்று சிலர் குறைப்படுகிறார்கள். சடுகுடுவையும் கல் தூக்குவதையும் மாலை மூன்று மணிக்கு மேல் வையுங்கள். சிறுவர் போட்டிகள் காலையில் நடக்கட்டும். பெண்கள் கபடிக்கு இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். தாய்மார்களே, நோட்டு அந்த மேஜைமேல் இருக்கிறது.