பாதை வரும்வரை பொறுக்காத நோய்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் நோயாளரும் 'பாதை' எனும் மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். பாரிசவாதமோ பாதை வரும்வரை பொறுத்திராது. மூளையின் பெரிய நாடியொன்று அடைபடின், நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன.

தொடையிடுக்கு நாடிவழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைத்த குருதிக்கட்டியைப் பற்றி வெளியே இழுக்கும் சிகிச்சையின் பயனை 2015 இல் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின. ஆயின், நேயர்களே, அதனைச் செய்யும் கையை உருவாக்குவது எளிதன்று. கதிர்ப்படத் திரையில் தெரிவது தட்டையான நிழல். நாடியோ வளைந்து நெளிந்து செல்வது. சற்று அழுத்தம் மிகுந்தாலும் அது கிழியக்கூடும். ஆகவே பயில்வோர் மாதிரி உருக்களிற் பழகி, பின்னர் தேர்ந்தவரருகே நின்று ஆண்டுக்கணக்கிற் கற்கின்றனர்.

அத்தகையோரை ஊர்தோறும் காண்டல் அரிது. எனவே நோயாளரை முதலிற் காணும் வைத்தியருக்கும் பயிற்சி வேண்டும். அதுவே முந்தியது என்றுங் கூறலாம். கோணிய வாய், தளர்ந்த கை, குழறும் பேச்சு ஆகியவற்றைக் கண்டதும் அவர் வினவவேண்டியது நேரத்தை. பொதுவாக ஆறு மணித்தியாலத்துள்ளும், தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரையும் இச்சிகிச்சைக்கு இடமுண்டு. கொக்கட்டிச்சோலையில் வயற்காவலுக்குச் சென்றவர் விடியலிற் கை தளர்ந்து விழித்தாராயின், விழித்த நேரம் கணக்கன்று. முந்திய இரவு அவர் நலமாயிருக்கக் கண்ட நேரமே கணக்கு.