நீரை நாமே ஆக்கலாமா?

பச்சையாற்றில் நீர் வற்றும் கோடைக்காலத்தில் களக்காட்டுப் பள்ளி மாணவர் கேட்கும் வினா ஒன்றுண்டு. “ஹைடிரஜனும் பிராணவாயுவும் கூடினால் நீர் என்று படிக்கிறோமே; இரண்டையும் கூட்டி நாமே நீரை ஆக்கிக்கொண்டால் என்ன?” ஆசிரியர் சிலர் ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவர். அவ்விடை பிழையாகும்.

முடிவது மட்டுமன்று, நம் அடுக்களையில் அது நாள்தோறும் நடைபெறுகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை எரிவாயு அடுப்பில் ஏற்றியவுடன் அதன் வெளிப்புறத்தில் ஈரம் படர்வதைப் பாருங்கள். பாத்திரம் ஒழுகுகிறது என்று ஐயுறுவாரும் உண்டு. எரிவாயுவிலுள்ள ஹைடிரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியதால் அப்பொழுதே பிறந்த நீர் அது! 14.2 கிலோ எரிவாயு எரிந்து தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாகிப் பலகணி வழியே போய்விடுகிறது. ஹைடிரஜனை எரித்தால் நீர் உண்டாகும் என்பதை ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கில அறிஞர் 1784-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தில் எடுத்துரைத்தார். 1969-இல் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ வீரர்கள் குடித்ததும், மின்சாரம் தந்த கலங்களில் இவ்விரு வாயுக்களும் கூடியதால் கிடைத்த நீரே.

அங்ஙனமாயின் களக்காட்டில் ஏன் ஆக்கக்கூடாது? கணக்கிட்டுப் பார்ப்போம். பதினெட்டு லிட்டர் கொள்ளும் பெரிய குடம் ஒன்றை நிரப்ப 2 கிலோ ஹைடிரஜனும் 16 கிலோ பிராணவாயுவும் வேண்டும். பிராணவாயு காற்றில் இருக்கிறது. ஹைடிரஜனோ தனித்து அகப்படுவது அரிது. வேறொரு பொருளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். எப்பொருளிலிருந்து? நீரிலிருந்துதான்! இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கலாமே என்பீர்கள். ஆலைகளில் வழங்கும் அம்முறைக்கும் நீராவி வேண்டும். ஒரு குடம் நீரைச் செய்ய ஒரு குடம் நீரை உடைப்பது என்ன சிக்கனமோ, தெரியவில்லை. மின்சாரத்தால் நீரைப் பிளந்து 2 கிலோ ஹைடிரஜன் பெறுவதற்கு ஏறத்தாழ 100 யூனிட் செலவாகும். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனைக் குடம் நீர் செலவாகிறதோ, அதனை நூறால் பெருக்கிப் பாருங்கள்.

அதே 100 யூனிட்டைக் கொண்டு வேறொரு காரியம் செய்யலாம். கடல்நீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே பேரழுத்தத்துடன் செலுத்தினால் உப்பு பின்தங்கிவிடும். நன்னீர் மட்டும் கடந்து வரும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். எனவே ஒரு குடத்திற்கு ஆன செலவில் 25,000 லிட்டர் கிடைக்கும். சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருமாறு இம்முறையில் அமைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையமும் தனக்கு வேண்டிய நன்னீரைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அங்கே கையாளப்படுவது கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை.

இவையெல்லாம் குடிநீருக்குச் சரி. வயலுக்கு? ஒரு கிலோ நெல் விளைய ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். அதற்கு நான்கு யூனிட் மின்சாரம். கடல்மட்டத்திலிருந்து களக்காடு வரை மேலேற்றுவதற்குத் தனிச்செலவு. உழவர் அந்நெல்லை என்ன விலைக்கு விற்பது? கடற்கரை ஊர்களின் குடங்களைக் கடல்நீர் நிரப்பலாம். நம் நெல்லுக்கும் வாழைக்கும் மலையில் மழை பெய்து பச்சையாறு ஓடியாக வேண்டும்.